வால்வு யார் கையில்? ஸ்லோவாக்கிய வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நடு ஐரோப்பாவின் எரிசக்திப் பாதைகளைத் தொடர்ந்து கவனித்து வருபவர்கள் நாங்கள். நான்கு திசைகளோடும் உறவு என்று பிரதமர் ராபர்ட் ஃபிகோ சொல்லிவரும் கொள்கையில் எங்களுக்குப் பகை இல்லை. கடற்கரை இல்லாத ஒரு சிறிய நாடு மாஸ்கோவோடும் பெய்ஜிங்கோடும் பேசத்தான் வேண்டும். அந்தப் பேச்சுக்கு எங்கிருந்து பலம் வருகிறது என்பதில்தான் உங்களோடு வேறுபடுகிறோம்.

2024 டிசம்பர் 22 அன்று பிரதமர் மாஸ்கோ போனார். ரஷ்ய எரிவாயுவை உக்ரைன் வழியே கொண்டுவரும் ஐந்தாண்டு ஒப்பந்தம் முடியப் பத்தே நாள் இருந்தது. விற்பது மாஸ்கோ என்றாலும் வால்வு உக்ரைன் தலைநகர் கீவ் கையில் இருந்தது. புதுப்பிக்க மாட்டோம் என்று கீவ் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. 2025 ஜனவரி 1 காலை உக்ரைன் எல்லையருகே உள்ள உங்கள் வெல்கே கபுஷனி எரிவாயு நிலையத்துக்குக் கிழக்கிலிருந்து வந்த வாயு நின்றது.

அன்று வீடுகள் குளிரில் நடுங்கவில்லை. நிலத்தடிக் கிடங்குகளில் இருப்பு இருந்தது. மேற்கிலிருந்து வாயு வர வழி இருந்தது. 2022இல் திறந்த போலந்து இணைப்புக் குழாயும் இருந்தது. ரஷ்யா-உக்ரைன் தகராறில் வாயு நின்ற 2009 ஜனவரியில் நிலைமை வேறு. குழாயில் வாயுவை அழுத்தித் தள்ளும் கம்பிரசர்களும் வால்வுகளும் கிழக்கிலிருந்து மேற்கே தள்ளுவதற்கென்றே அமைந்திருந்தன. ஆலைகளுக்கான வாயு வெட்டப்பட்டது. மூடிப் பத்தே நாளான பொஹுனிட்சே அணு உலையை மறுபடி இயக்கலாம் என்று அரசு முடிவெடுக்கும் வரை போனது. (கடைசியில் அந்தத் தேவை வரவில்லை.)

மாற்று வழிக்கும் விலை உண்டு. தாண்டும் எல்லைதோறும் வெளியேறும் கட்டணம், நுழையும் கட்டணம் என்று இரண்டு சேரும். துருக்கி வழியாக ஹங்கேரி சுற்றிவரும் ரஷ்ய வாயுவும் இதற்கு விலக்கல்ல. கடந்துபோகும் வாயு குறையக் குறைய, பெருங்குழாயின் பராமரிப்புச் செலவு உள்நாட்டுப் பயனாளர் தலையில் ஏறும்.

எங்களை அதிகம் உறுத்துவது உங்கள் அரசு எரிவாயு நிறுவனமான எஸ்பிபி, ரஷ்ய அரசு எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமோடு 2034 வரை போட்டிருக்கும் ஒப்பந்தம். ரஷ்ய வாயுவை 2027க்குள் நிறுத்துவது ஐரோப்பிய ஒன்றியத்தின் முடிவு. இடையில் ஏழு ஆண்டுகள் கிடக்கின்றன. இத்தகைய நீண்டகால ஒப்பந்தங்களில் 'எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம்' என்ற விதி வழக்கமாக இருக்கும். ஒன்றியத்தின் தடை அந்த விதியிலிருந்து எஸ்பிபியை விடுவிக்குமா, எந்த நாட்டுச் சட்டப்படி, எந்தத் தீர்ப்பாயத்தில்? வழக்குச் செலவு யாருடையது? மக்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அணு எரிபொருளில் உங்கள் நாடு சரியாகவே நடந்தது. பொஹுனிட்சே, மொஹோவ்ட்சே உலைகள் ரஷ்ய வடிவமைப்பு. அவற்றில் செருகும் எரிபொருள் தண்டுகளின் கட்டு அறுகோணம். வேறு நிறுவனத்தின் கட்டை வாங்கிய உடனே செருகிவிட முடியாது. கணக்கீடு, சோதனை, உரிமம் என்று ஆண்டுகள் ஓடும். அதை அறிந்து உலைகளை நடத்தும் நிறுவனத்தார் 2023லேயே அமெரிக்க அணு நிறுவனமான வெஸ்டிங்ஹவுஸோடு ஒப்பந்தம் போட்டார்கள். ரஷ்யத் தரப்பை விரட்டாமலே இரண்டாவது கதவைத் திறந்தார்கள். நடைமுறைக் கொள்கை என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

எரிவாயுவிலும் அதையே கேட்கிறோம். அடுத்த மாஸ்கோ பயணத்துக்கு முன், ஒவ்வொரு எல்லையிலும் நீங்கள் முன்பதிவு செய்துள்ள குழாய்க் கொள்ளளவையும், 2034 ஒப்பந்தத்திலிருந்து வெளியேறும் வழியையும் நாடாளுமன்றத்தில் வையுங்கள். கிடங்குகளில் வாயு நிரப்பும் பருவம் ஏப்ரலில் தொடங்குகிறது. அதற்குள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
எரிசக்திப் பாதைகளைக் கவனித்து வரும் குழுவினர்