லா போர்ன் போகும் மகளுக்கு

புதுச்சேரி

அன்புள்ள கயல்,

தேனிலவுக்கு பிரான்சில் இருக்கும் லா போர்ன் போகிறீர்கள் என்று தெரிந்ததும் அத்தை, "பாரிஸை விட்டுட்டு குயவர் ஊருக்கா?" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கல்யாணமான புதிதில் நானும் அப்பாவும் தங்கிய ஊர் அது.

பூர்ஜ் ஸ்டேஷனில் இறங்கி வாடகைக்குக் கார் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். சுற்றிலும் காடு, திரும்பிய பக்கமெல்லாம் பட்டறை. கடும் சூட்டைத் தாங்கும் களிமண்ணும் விறகும் பக்கத்திலேயே கிடைத்ததால் பல நூற்றாண்டுகளாக அங்கே மண்பாண்டத் தொழில். 1940களில் கலைஞர்களும் வந்தார்கள். பல்கேரியாவில் பிறந்த வாசில் இவானோஃப் 1946-ல் வந்து அங்கேயே தங்கிவிட்டார்.

போனதும் எங்காவது விறகுச் சூளை எரிகிறதா என்று விசாரி. நாள் கணக்கில், ராத்திரியும் விடாமல் விறகு போடுவார்கள். சூடு 1,300 டிகிரியை நெருங்கும். நாங்கள் பார்த்தபோது ஒரு அம்மா சூளைத் துளை வழியாகக் கம்பியை விட்டு, பதம் பார்க்க உள்ளே வைத்திருந்த ஒரு மண் வளையத்தை வெளியே இழுத்தார். தகதகவென்று இருந்தது. ஆறியதும் பார்த்தால் உடம்பெல்லாம் பழுப்பு, ஒரு பக்கம் மட்டும் பச்சைப் பளபளப்பு. எதையும் பூசவில்லையாம். பறந்து வந்த விறகுச் சாம்பல் உருகிப் படிந்ததாம். தீ எந்தப் பக்கமாகப் போனது என்று அதை வைத்தே சொன்னார். அப்பா அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

ஜான் லெரா, ஜாக்குலின் லெரா தம்பதியின் பாண்டங்களையும் தேடிப் பாருங்கள். 1940களில் அந்த ஊரில்தான் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். அப்புறம் மரி தால்போ. 19-ம் நூற்றாண்டிலேயே பெண் உருவத்தில் ஜாடிகள் செய்து, தன் பெயரைப் பொறித்தவள். அந்த ஜாடிப் பெண்களின் முகத்தை நிதானமாகப் பார்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: நாலு ஊர் சுற்றாமல் அங்கேயே இருங்கள். கல்யாண அலைச்சலில் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியதே இல்லை. சூளைப் பக்கத்தில் மணிக்கணக்காகப் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். சூளை ஆறவே சில நாள் பிடிக்கும். முடிந்தால் திறக்கிற அன்றைக்கும் இருங்கள். லீவு போதாவிட்டால் பாரிஸைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையை ஷவிஞோல் ஆட்டுப்பால் சீஸ் சாப்பிட்டுப் பார்க்கச் சொல். பக்கத்து ஊர்ச் சரக்குதான். கிண்ணம் வாங்கினால் துணியில் சுற்றி, விமானத்தில் கையோடு எடுத்து வா.

அன்புடன்,
அம்மா