அப்பாவின் கொப்பி ரொறன்ரோவில்

ஸ்காபரோ,
ஏப்ரல் 6

அன்புள்ள அப்பா, அம்மா,

நான் நலம். அங்கே எல்லாரும் நலம் என்று நினைக்கிறேன். போனில் சொல்ல வேண்டியதை ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். போனில் என்றால் அப்பா "சரி சரி, சாப்பிட்டியோ" என்று அரைவாசியில் மறித்துவிடுவார். அம்மா அடுத்த வீட்டு அன்ரியின் கதைக்குப் போய்விடுவா. மாமா இந்தக் கிழமை கொழும்புக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன கிழமைதான் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் ஆய்வுகளையும் கலைப் படைப்புகளையும் காட்சிக்கு வைத்தார்கள். எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையின் சூட்டையும் காற்றையும் பற்றி, அப்பா அளந்து கொப்பியில் எழுதித் தந்த கணக்கை வைத்து நான் செய்த ஆய்வும் அதில் இருந்தது. போஸ்டரைச் சுருட்டி, நீட்டுக் குழாய் ஒன்றில் போட்டுத் தோளில் கொழுவிக்கொண்டு பஸ்ஸில் போனேன். ரோட்டோரம் இன்னும் அழுக்குப் பனி குவிந்து கிடக்கிறது, ஏப்ரல் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பஸ்ஸில் ஒரு தமிழ் ஐயா, "பிள்ளை, தூண்டிலோ?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அப்பா முதலே கேட்டீர்கள், இளங்கலை படிக்கிற பிள்ளைக்கு என்ன ஆராய்ச்சி, அது பிஎச்டிக்காரர் செய்கிறதல்லவா என்று. இந்தப் பக்கத்து நாடுகளில் அந்தப் பழக்கம் மாறிக் கனகாலம். அமெரிக்காவில் எம்ஐடி என்கிற பல்கலைக்கழகத்தில் மார்கரெட் மக்விகார் என்பவர் 1969-லேயே இளங்கலை மாணவரை ஆய்வுகூடத்துக்குள் எடுக்கும் திட்டத்தைத் தொடங்கிவிட்டார். 1987-லிருந்து அந்த நாட்டில் இளங்கலை மாணவருக்கென்று தனியாகத் தேசிய மாநாடே நடக்கிறது. எங்கள் பல்கலைக்கழகத்தில் நடப்பது சின்ன விஷயம்தான். 250 சொல்லுக்குள் சுருக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரு விரிவுரையாளர் பொறுப்பெடுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் ஒரு பலகை தருவார்கள். அந்தப் பலகைக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் நிற்க வேண்டும், அதுதான் பரீட்சை.

பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தது ஞாபகம் இருக்கிறதுதானே? வெள்ளைச் சீருடையோடு கையில் தடியைப் பிடித்துக்கொண்டு, பாடமாக்கினதை வாறவர் போறவருக்கெல்லாம் ஒப்புவிப்போம். தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கும் அதே பாடமாக்கல்தான். அது இங்கே எடுபடாது. இரண்டாவது வசனத்திலேயே குறுக்கே கேட்கிறார்கள். "ஏன் அந்த இடத்தில் அளந்தீர்கள்?" "உங்கள் வெப்பமானியில் வெயில் படவில்லையா?" ஒரு சின்னப் பெடியன், யாரோ மாணவியின் தம்பியாக்கும், "அங்கே ஏசி இல்லையா?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்வதுதான் எல்லாரையும்விடக் கஷ்டமாக இருந்தது.

போஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் நான் பத்தி பத்தியாக எழுதி நிரப்பி வைத்திருந்தேன், என் விரிவுரையாளர் பார்த்துவிட்டுச் சிரித்தார். 2019-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர் மைக் மொரிசன் என்பவர், போஸ்டரின் நடுவில் கண்டுபிடிப்பை ஒரே வசனமாகக் கொட்டை எழுத்தில் போடுங்கள், மற்றதை ஓரத்துக்குத் தள்ளுங்கள் என்று சொல்லி ஒரு வீடியோ போட்டாராம். அதுக்குப் பிறகு நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். பார்க்க விளம்பரம் மாதிரி இருக்கிறது, எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் வேலை செய்கிறது. நான் போட்ட வசனம் இதுதான்: "உயர்ந்த கட்டடம் கடற்காற்றை மறிக்கிறது, ஆனால் நிழலும் தருகிறது."

அப்பா இதை வாசித்ததும் முகத்தைச் சுளிப்பீர்கள் என்று தெரியும். பக்கத்துத் தொடர்மாடி எழும்பின நாளிலிருந்து நீங்கள் அதன்மேல் வைத்திருக்கிற வழக்கு பாதிதான் வென்றிருக்கிறது. சொல்லுகிறேன். பகலில் தரை கெதியாகச் சூடேறும், கடல் அவ்வளவு கெதியாக ஏறாது. தரைக்கு மேலே சூடான காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடற்காற்று உள்ளே வரும். எங்கள் ஒழுங்கை கடலிலிருந்து நேரே காலி வீதிக்கு ஓடுவதால் அந்தக் காற்றுக்கு அது நல்ல வழி. குறுக்கே தொடர்மாடி நின்றால் அதுக்குப் பின்னால் காற்று படுத்துவிடும். இது நீங்கள் சொன்னபடிதான், கேற்றில் கட்டின ரிப்பன் அசையவில்லை என்று கொப்பியில் எத்தனை இடத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஆனால் அதே கொப்பியில் பின்னேரம் நாலு மணிக் கணக்கைப் பாருங்கள். எங்கள் கேற்றடி காலி வீதி முனையைவிடக் குறைவாகத்தான் காட்டுகிறது. அந்த நேரம் கடல் பக்கமிருந்து விழுகிற வெயிலைத் தொடர்மாடியே மறைக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு நிலைமை தலைகீழ். பகல் முழுக்க வெயில் வாங்கின சீமெந்துச் சுவர் அதைத் திருப்பித் தருகிறது, எங்கள் கேற்றடி மற்ற இடங்களைவிடச் சூடு.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. ரொஹிந்தன் இம்மானுவேல், எரிக் ஜொஹான்சன் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் கொழும்பின் தெருக்களையும் கடற்காற்றையும் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். உயர்ந்த கட்டடங்கள் நெருங்கி நிற்கிற தெரு, நிழலால் பகலில் குளிர்ச்சியாக இருக்கும் என்பதையும் கடற்காற்றின் உதவியையும் அவர்கள் அளந்தே காட்டிவிட்டார்கள். நான் செய்தது ஒரு ஒழுங்கைக்குள் அதைப் பார்த்தது மட்டும்.

ஆனால் சனம் நின்று பார்த்தது வரைபடத்தையல்ல. கொப்பியைத்தான். ஒரு பக்கத்தைப் பெரிதாக அச்சடித்து ஓரத்தில் ஒட்டியிருந்தேன். திகதி, நேரம், மூன்று இடத்து வெப்பநிலை, அதுக்குப் பிறகு "குறிப்பு" என்று நீங்களாகவே கோடு போட்டுச் சேர்த்த நிரல். "காற்று இல்லை. காகமும் வயரில் இல்லை." "மழை வரும் போல் இருந்தது, வரவில்லை." "ரயில் போனபோது மட்டும் ரிப்பன் ஆடியது." இதை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினால் எல்லாரும் சிரிக்கிறார்கள், பிறகு திரும்பவும் கேட்கிறார்கள். புவியியல் பேராசிரியர் ஒருவர் அந்த நிரலைக் கனநேரம் பார்த்துவிட்டு, யார் எழுதியது, எங்கே பயிற்சி எடுத்தவர் என்று கேட்டார். இளைப்பாறிய எழுதுவினைஞர் என்று சொன்னேன். நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடு என்பதை 1818-ல் லண்டனில் எழுதி வைத்த லூக் ஹவார்டும் தொழிலில் மருந்து இரசாயனம் தயாரித்தவர்தான் என்றார் அவர். முகில்களுக்குப் பெயர் வைத்ததும் அந்த ஆளேதானாம். அப்பாவுக்குப் புளுகம் பிடிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அம்மா, உங்கள் கோப்பைகளும் காட்சிக்கு வந்தன. வெப்பமானியில் நேர் வெயில் படக்கூடாது, ஆனால் காற்றுப் பட வேண்டும். வானிலை நிலையங்களில் அதுக்கென்று சாய்வுச் சட்டம் போட்ட வெள்ளைப் பெட்டி வைத்திருப்பார்கள். நாங்கள் அதுக்குப் பதிலாக வெள்ளைப் பிளாஸ்டிக் கோப்பைகளின் நடுவில் ஓட்டை போட்டு, ஒன்றுக்குமேல் ஒன்றாக இடைவெளி விட்டு அடுக்கினோமே, அந்தப் படத்தைத்தான் பொறியியல் பெடியன்கள் போனில் எடுத்துக்கொண்டு போனார்கள். உங்களுக்குப் புதுக் கோப்பை வாங்க மாமாவிடம் காசு தந்திருக்கிறேன். அவர் மறந்துபோவார், நீங்களே கேளுங்கள்.

எனக்குப் பக்கத்துப் பலகையில் நுண்கலை மாணவி ஒருத்தி. ரொறன்ரோவின் ஒவ்வொரு நாள் வெப்பநிலைக்கும் ஒரு நிறம் வைத்து, நாளுக்கு ஒரு வரியாகக் கம்பளி நூலில் பின்னி நீளமாகத் தொங்கவிட்டிருந்தாள். குளிர்காலம் ஊதா, நீலம். பிறகு பச்சை, ஆடி ஆவணியில் சிவப்பு. அவ்வளவு வடிவு. கொழும்புக்கும் ஒன்று பின்னுவோம், உன் அப்பாவின் கொப்பியைத் தா என்றாள். எங்கள் மாத சராசரி வருசம் முழுக்க இரண்டு பாகைக்குள்தான் ஆடும், உனக்கு ஒரே நிறம்தான் மிஞ்சும் என்று சொன்னேன். அப்படியென்றால் நிறத்தை வெப்பத்துக்கு வைக்காமல் காற்றுக்கு வைப்போம், குறிப்பு நிரலைப் பின்னுவோம் என்றாள். நான் அளந்ததை அவள் ஒரு நிமிஷத்தில் வேறொன்றாக்கிவிட்டாள். படிப்பையும் கலையையும் ஒரே மண்டபத்தில் வைப்பது வெறும் சோடனைக்கு என்று நினைத்திருந்தேன், அவளுக்குப் பக்கத்தில் நின்ற பிறகு அந்த நினைப்பு இல்லை. வருகிற வருசம் இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பிப்பதாக இருக்கிறோம்.

இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தி தன் அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் 83-ல் வெள்ளவத்தையை விட்டு வந்தவர். வரைபடத்தில் விரலை வைத்து, ரயில் பாதையிலிருந்து எண்ணிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்தினார். அதைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. விறாந்தையில் இப்பவும் காற்று வருமா என்று கேட்டார். அந்த ஒழுங்கையில் அளக்கவில்லை என்றேன். அளக்க வேண்டியதுதானே என்று பேசிவிட்டுப் போனார்.

பரிசு கிடைக்கவில்லை. தாதியர் படிக்கிற ஒரு மாணவி இரவு வேலைக்காரரின் நித்திரை பற்றிச் செய்த ஆய்வுக்குக் கிடைத்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆறின சமோசாவும் கோப்பியும் தந்தார்கள். அதுக்காகவே வருகிற ஒரு கூட்டமும் உண்டு, அவர்கள் கேள்வி கேட்பதில்லை.

வருசத்துக்குப் பொங்கத்தான் போகிறேன், பரீட்சை இருந்தாலும். தமிழ்க் கடையில் சிவப்புப் பச்சையரிசி, சர்க்கரை எல்லாம் கிடைக்கிறது. முற்றம் இல்லை, குசினி அடுப்பில்தான். அறைத்தோழிக்குப் புகை மணி அடிக்கும் என்று பயம்.

அப்பா, ஒரு வேலை இருக்கிறது. வெப்பமானி காட்டுவது ஒன்று, எங்களுக்கு வியர்ப்பது இன்னொன்று, ஏனென்றால் ஈரக்காற்றில் வியர்வை காயாது. அதையும் அளக்கச் சொல்லி அந்தப் பேராசிரியர் சொன்னார். உங்கள் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, மிச்சமாக இருக்கிற வெப்பமானியின் குமிழில் சுற்றுங்கள். துணியின் மற்ற முனை ஒரு சின்னப் போத்தல் தண்ணீருக்குள் இருக்கட்டும், கொதித்து ஆறின தண்ணீர் நல்லது. காய்ந்ததையும் ஈரமானதையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, விசிறியால் கொஞ்சம் விசிறிவிட்டு இரண்டையும் எழுதுங்கள். சோளகம் தொடங்க முதல் ஆரம்பித்தால் நல்லது. மழையில் மொட்டைமாடிக்கு ஏற வேண்டாம், கேற்றடி மட்டும் போதும். புதுக் கொப்பி மாமாவின் பையில் இருக்கிறது. குறிப்பு நிரலை இந்த முறை நானே அகலமாகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அன்பு மகள்