குறுக்குக் கோடு போடாத பக்கங்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டதாக எழுதியிருந்தாய். அது எத்தனை நாளைக்குத் தாங்குகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது. எனக்கும் மாடி ஏறினால் இடது கால் முனகுகிறது. பேத்தி பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியதில் எனக்கு ஆச்சரியமில்லை, தாத்தா வாய் எங்கே போகும்? இங்கே எல்லாரும் சுகம். காற்றில் வாழை பாதி சாய்ந்துவிட்டது, அதை நேரில் பேசிக்கொள்வோம். இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

பம்பாய்ச் சித்தப்பாவை உனக்கு மறந்திருக்காது. மே மாதம் லீவில் வரும்போதெல்லாம் சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டு நாம் ஷார்ட்ஹேண்ட், அதாவது சுருக்கெழுத்து, படித்த இன்ஸ்டிடியூட் வாசல்வரை நம்முடன் நடந்து வருவார். "நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை ஸ்பீட் வந்தால்தான் பம்பாய்க்கு ரயில் ஏறணும்" என்று நம்மைப் பயமுறுத்துவார். சித்தி போன ஆவணியில் தவறிப்போனாள். வீட்டை ஒழிக்கும்போது பரணில் ட்ரங்குப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே சணல் போட்டுக் கட்டிய ஷார்ட்ஹேண்ட் நோட்டுகள். ராமபாணப் பூச்சி ஓரத்தை அரித்திருக்கிறது, உள்ளே பெரிதாகச் சேதமில்லை. பழைய பேப்பர்காரருக்குப் போட இருந்ததை, சித்தப்பா மகள், என் தங்கச்சிதான், மனசு கேட்காமல் எனக்கு அனுப்பினாள். என் மருமகன் ஒரு பக்கத்தைப் போனில் படம் எடுத்துக் காட்டினான். அரபியாக இருக்கலாம் என்று போனிலிருந்து பதில் வந்தது. ஐசக் பிட்மேன் என்ற இங்கிலீஷ்காரர் 1837-ல் வெளியிட்டு, நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்கோ சோறு போட்ட எழுத்து அது. இன்றைக்கு அதை அடையாளம் சொல்லக்கூட ஆள் இல்லை.

முதல் தொல்லை பக்க வரிசை. ஒரு பக்கம் பருத்தி பேல் விலை, மறுபக்கம் வேறு மாதத் தேதி. அப்புறம்தான் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. நோட்டின் முன்பக்கங்களை மட்டும் கடைசிவரை எழுதிவிட்டு, நோட்டைத் திருப்பிப்போட்டு, பின்பக்கங்களில் திரும்பி வர வேண்டும் அல்லவா? அப்படிப் படித்ததும் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. அடுத்தது குறுக்குக் கோடு. டைப் அடித்து முடித்த டிக்டேஷன் மேல் சாய்வாக ஒரு கோடு இழுத்துவிடுவோமே, அதைச் சித்தப்பா ஒரு கடிதத்துக்கும் விடவில்லை. கோடு போட்டதெல்லாம் பம்பாய் ஃபோர்ட் பகுதியில் அவர் வேலை பார்த்த ஆபீஸ் கடிதங்கள். "வி ஆர் இன் ரெசீட் ஆஃப் யுவர் லெட்டர்" என்பதைப் பேனா எடுக்காமல் ஒரே வீச்சில் எழுதியிருக்கிறார். அந்த வீச்சைப் பார்த்தாலே நமக்குப் பொறாமை வரும். மற்றபடி அதில் ஒன்றும் இல்லை. சரக்கு வந்தது, சரக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

கோடு போடாத பக்கங்களும் இருக்கின்றன. இங்கிலீஷாகப் படித்தால் ஒரு வரிகூட ஒட்டவில்லை. அதில் ஓர் அவுட்லைன், ஒரு சொல்லுக்கான கோட்டு வடிவம், அது மட்டும் திரும்பத் திரும்ப வரிக்கு மேலே வந்தது. 'ச்' கோடு, இடப்பக்கம் உச்சியில் அழுத்தமான புள்ளி, வலப்பக்கம் அடியில் மெல்லிய புள்ளி. வாய்விட்டுச் சொல்லிப் பார்: ஆ, ச்சி. ஆச்சி! மனிதர் பிட்மேன் கோட்டிலேயே தமிழை எழுதியிருக்கிறார். தமிழுக்கென்று தனிச் சுருக்கெழுத்து இருக்கிறது, அரசாங்கப் பரீட்சையும் நடக்கிறது. சித்தப்பா அதைப் படிக்கவில்லை. பிட்மேன் முறை ஒலியை எழுதுவது, அதனால் எந்த மொழி என்றாலும் காதில் விழுந்ததைப் போட்டுவிடலாம்.

அவர் செய்திருக்கும் ஏற்பாட்டை நீ ரசிப்பாய். 'ட'வுக்கு நேர்கோடு, 'த'வுக்கு இங்கிலீஷ் 'தின்', 'தென்' இரண்டுக்கும் உள்ள வளைகோடுகள். 'ர' மேல்நோக்கி, 'ற' கீழ்நோக்கி. 'ல' மேல்நோக்கி, 'ள'வும் 'ழ'வும் கீழ்நோக்கி. நம் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகத்தானே போகிறது! கோட்டைப் பாதியாகக் குறுக்கினால் கூடவே ஒரு 'ட்' சேர்ந்துகொள்ளும், ஆனால் கடைசியில் உயிரெழுத்து வந்தால் அப்படிக் குறுக்கக்கூடாது என்பது விதி. "கேட்டு", "போட்டு", "விட்டு" எல்லாவற்றையும் குறுக்கித்தான் எழுதியிருக்கிறார். குற்றியலுகரத்தை அவர் காது கணக்கில் எடுக்கவே இல்லை. 1970-ஐ ஒட்டிய நோட்டுகளில் பால்பாயிண்ட் பேனா, தடிப்பு மெலிவு தெரியவில்லை. மெல்லிய கோடு 'p' என்றால் அதுவே தடித்தால் 'b', அதனால் இங்கிலீஷ் பக்கங்களில் அது பெரிய இடைஞ்சல். தமிழில் க, ச, ட, த, ப எல்லாம் தடிப்புக்கும் மெலிவுக்கும் ஒரே எழுத்து என்பதால் பாதித் தலைவலி மிச்சம்.

என்ன எழுதியிருக்கிறார் என்றுதானே கேட்கிறாய்? லீவில் வந்தபோது ஸ்பீட் கைவிட்டுப் போகாமல் இருக்க, திண்ணையில் உட்கார்ந்து வீட்டில் பேசுவதையெல்லாம் அப்படியே எடுத்திருக்கிறார். 1967 மே மாதத் தேதி போட்ட ஒரு பக்கம் இது, அரசாங்கம் சொன்ன படியரிசி பற்றிய பேச்சு. முதலில் ஆச்சி: "ரூவாய்க்கு மூணு படின்னாவ, இப்பம் ஒரு படிங்காவ. அதுவும் மெட்ராசுலயும் கோயமுத்தூர்லயுந்தானாம். நாம என்ன மண்ணயா திங்கதுக்கு?" அப்பா: "அரிசி வந்தாத்தானம்மா போடுவாவ." ஆச்சி: "நீ அவுகளுக்கு வக்கீலாக்கும்." அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு'. சட்டசபைக் குறிப்பில் போடுவார்களே, அந்த மாதிரி! அடுத்த வரியில் கோழி விரட்டுகிற சத்தம்கூட எழுத்தில் இருக்கிறது. ஆச்சி போய் எவ்வளவு காலமாயிற்று. போட்டோவில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இங்கே ஓயாமல் பேசுகிறாள்.

பம்பாய் மாதுங்கா மெஸ்ஸில் எடுத்த பக்கங்களும் உண்டு. 1966-க்கு அப்புறம் தென்னிந்தியர்களுக்கு எதிராக அங்கே கிளம்பிய கோபத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஊருக்குக் கிளம்பிவிடலாமா, தெருவில் வேட்டி கட்டலாமா, இப்படி. கூடவே சாம்பாரில் பெருங்காயம் போதவில்லை என்று ஒரு பெரிய வாக்குவாதம். பயத்தைவிட அதுதான் அதிகப் பக்கம்.

இங்கிலாந்தில் சாமுவேல் பெப்பீஸ் என்பவர் 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் டைரி எழுதினார். 1819-ல் ஜான் ஸ்மித் என்ற ஏழை மாணவர் அதைப் பெயர்க்கத் தொடங்கி மூன்று வருஷம் தவித்தார். அந்தச் சுருக்கெழுத்தைக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் டைரி இருந்த அதே நூலகத்திலேயே இருந்திருக்கிறது, அவருக்குத் தெரியாது. எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. என் சாவி நீ, அதுவும் ஒரு தபால் தூரத்தில்தான் இருக்கிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். 1968 நோட்டில் அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொண்டது இருக்கிறது. தெற்கு வயல் பற்றியது. அது கைமாறிய கதை உனக்குத் தெரியும். "தம்பி சரின்னு சொல்லித்தான் வித்தேன்" என்று அப்பா கடைசிவரை சொன்னார். சித்தப்பா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சித்தி வீட்டில் வேறு மாதிரி பேச்சு. நோட்டில் சித்தப்பா தன் பேச்சையும் எழுதியிருக்கிறார்: "தெக்கு வயல", அப்புறம் வ்-க் என்று ஓர் அவுட்லைன், அப்புறம் "வேண்டாம்".

"விக்க வேண்டாம்" என்றும் படிக்கலாம், "வைக்க வேண்டாம்" என்றும் படிக்கலாம். விற்காதே என்றாரா, அடகு வைக்காதே, விற்றுவிடு என்றாரா? வேகத்தில் உயிர்க்குறி போடவில்லை. முதல் உயிரெழுத்தைப் பொறுத்து அவுட்லைன் வரிக்கு மேலே, வரிமேல், வரியை வெட்டி என்று மூன்று இடங்களில் ஒன்றில் நிற்கும், அதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். 'வி' என்றால் 'வ்' கோடு வரியை வெட்டிக்கொண்டு போக வேண்டும், 'வை' என்றால் வரிக்கு மேலே நிற்க வேண்டும். சரிதானே? ஆனால் அந்தப் பக்கத்தில் ஈரம் பட்டு அச்சடித்த வரி முழுவதும் கரைந்துவிட்டது. மை நிற்கிறது, வரி இல்லை.

ஒரே வழிதான் இருக்கிறது. பக்கத்திலுள்ள "வேண்டாம்" வரிமேல்தான் உட்காரும், 'ஏ' இரண்டாம் இடம் என்பதால். அதன் 'வ்' கால் எங்கே முடிகிறதோ அதுதான் வரி. அங்கிருந்து ஸ்கேல் வைத்துப் பார்த்தால் முந்தைய அவுட்லைன் மேலே நிற்கிறதா, கீழே இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். நான் அளந்துவிட்டேன். என்ன வந்தது என்பதை எழுத மாட்டேன். நான் அப்பா மகன், என் கண்ணுக்கு எது தெரிந்தாலும் தங்கச்சி வீட்டில் அதற்கு மதிப்பிருக்காது. நீ கோர்ட்டில் ஸ்டெனோவாக முப்பது வருஷம் இருந்தவன், இரண்டு பக்கமும் சாராதவன்.

அந்த நோட்டையே ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். போட்டோவில் சாய்வு மாறிவிடும், நம்ப முடியாது. காகிதச் சீட்டு வைத்திருக்கும் பக்கம்தான். மற்ற பக்கங்களையும் படி, ஆச்சி உன்னைப் பற்றிச் சொன்னதுகூட ஓரிடத்தில் இருக்கிறது, கோபப்படாதே. படித்ததை எனக்கும் தங்கச்சிக்கும் ஒரே நாளில் தனித்தனிக் கார்டில் எழுதிப் போட்டுவிடு. அவளுடைய முகவரி நோட்டின் அட்டைக்குள் இருக்கிறது. விற்க வேண்டாம் என்றுதான் சித்தப்பா சொல்லியிருக்கிறார் என்றால், அப்பா செய்ததற்கு நான் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்வேன். வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

பேத்திக்கு என் ஆசீர்வாதம். தங்கச்சியிடம், உன் வீட்டம்மாவைத்தான் சொல்கிறேன், போன தடவை கொடுத்த நார்த்தங்காய் தீர்ந்துவிட்டது என்று மறக்காமல் சொல்.

உன்,
இன்ஸ்டிடியூட் பெஞ்சுக்காரன்