தொலைநிலைப் பணியாளர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு உதவிக் குழுவிடம் வந்த முறையீடுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் முடங்கின: கையில் எழுத்து இல்லை. "நாளையிலிருந்து வீட்டிலேயே பாருங்கள்" என்று போனில் சொன்னதோடு சரி. நியமனக் கடிதத்தில் பணியிடம் அலுவலக முகவரியாகவே இருக்கிறது. பிறகு இணையக் கட்டணம் யார் பொறுப்பு என்ற பேச்சு வந்தால் காட்ட ஒன்றுமில்லை.

ஆகவே நியமனக் கடிதத்தோடு சேர்க்கும் துணை ஒப்பந்த மாதிரி ஒன்று தயாரித்தோம். ஸ்பெயினின் 10/2021 சட்டம் இதற்கு நல்ல வழிகாட்டி. மூன்று மாதக் கணக்கில் வேலை நேரத்தில் 30 சதவீதமாவது அலுவலகத்துக்கு வெளியே செய்தால் அந்தச் சட்டம் பொருந்தும். வேலை தொடங்கும் முன்பே எழுத்து ஒப்பந்தம் வேண்டும். கருவிப் பட்டியலும் செலவை ஈடுகட்டும் முறையும் அதில் இருக்க வேண்டும்.

வேலை நேரத் தகராறுகளே அதிகம் இழுத்தடித்தன. பிரான்ஸில் 2017 முதல், 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை, அதாவது வேலை நேரத்துக்குப் பின் அலுவலக அழைப்புக்கும் செய்திக்கும் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை குறித்துப் பேச்சு நடத்த வேண்டும். போர்ச்சுகல் 2022-இல் ஒரு படி மேலே போனது: ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருப்பது முதலாளியின் கடமை. மேலாளரின் அழைப்பை எடுக்காமல் இருக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? மாதிரியில் இரண்டாவது வழியையே சேர்த்திருக்கிறோம்.

சான்று விஷயத்தில் கவனம் தேவை. அனுப்பியவர் பெயரும் தேதியும் வெட்டுப்பட்ட ஸ்கிரீன்ஷாட் எடுபடாது. வேலையை விட்ட அன்றே நிறுவன அரட்டைக் கணக்கு மூடப்படும். அதிலிருந்த இரவு நேர உத்தரவுகள் அத்தோடு போயின. தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடைவேளை, கூடுதல் வேலை சொன்னவர் யார் என்பதை அன்றன்றே சொந்த நோட்டில் குறித்து வையுங்கள். நிறுவனக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டாம். ரகசியத்தை மீறியதாக உங்கள் மீதே குற்றச்சாட்டு திரும்பும்.

கண்காணிப்பு பற்றி: நாள் முழுக்க வெப்கேமராவை இயக்கி வைக்க மறுத்தவரைப் பணிநீக்கியது செல்லாது என்று 2022-இல் நெதர்லாந்து நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. மறுப்பை எழுத்தில், காரணத்தோடு தெரிவிப்பது நல்லது.

மாதிரி ஒப்பந்தத்தின் விபத்து இழப்பீட்டுப் பிரிவு இன்னும் முடிவாகவில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய முகவரியில் மட்டும் பாதுகாப்பா, முன்கூட்டித் தெரிவித்த வேறு இடத்துக்கும் உண்டா என்பதில் செயற்குழுவில் இரு கருத்து. இரண்டு வரைவுகளும் இன்று பேரவையின் வாக்குக்கு வருகின்றன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார்.