விளக்கை மேலே தூக்கிப் பார், அம்மிணி

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு மதியம்

அம்மிணிக்கு,

வியாழக்கிழமை போனில், "நான் வேலை பாக்குற நிலக்கரிச் சுரங்கத்துல கேஸ் இருக்கான்னு இப்ப மெஷினே பாத்துச் சொல்லிடும்ப்பா" என்று சிரித்தாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் நானும் சிரித்து வைத்தேன். இப்போது அவள் வேலந்தாவளம் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

மெஷின் பொய் சொல்லாது. ஆனால் அது மாட்டியிருக்கும் இடத்தில் என்ன இருக்கிறதோ, அதைத்தான் சொல்லும். சுரங்கத்து வாயுவான மீத்தேன் காற்றைவிட லேசு, போய்க் கூரையில் ஒட்டிக்கொள்ளும். நான் மைனிங் சர்தாராக, அதாவது வேலை நடக்கும் இடத்தைச் சோதிக்கிற ஆளாக, இருந்தபோது ஒரு நாள் வாயு பார்க்கும் சுடர்விளக்கை நெஞ்சளவு தூக்கிப் பார்த்துவிட்டு 'வாயு இல்லை' என்று எழுதினேன். தலைக்கு மேலே கூரை பெயர்ந்து ஒரு குழி இருந்தது. அதற்குள் பார்க்கச் சோம்பல், முந்தின இரவு தூக்கமும் இல்லை. பின்னால் வந்த என் மேலதிகாரி, வயதான ஓவர்மேன், தன் விளக்கை மெல்ல அந்தக் குழிப்பக்கம் உயர்த்தினார். சுடரின் மேல் நீலக் குல்லாய் ஒன்று எழும்பியது, வாயு இருப்பதற்கு அடையாளம். அவர் என்னைத் திட்டவில்லை. ஆட்களை வெளியே அனுப்பினார், பிரட்டிஸ் துணி கட்டிக் காற்றை அந்தப் பக்கம் திருப்பினார். அப்புறம் புத்தகத்தை வாங்கி, நான் எழுதியதற்குக் கீழேயே, பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உன் அம்மாவுக்குக்கூட இதைச் சொன்னதில்லை.

காற்றில் 5-லிருந்து 15 சதவீதம் வரை மீத்தேன் இருந்தால் வெடிக்கும். ஒன்பதரைக்குப் பக்கத்தில்தான் மூர்க்கம் அதிகம். 15-க்கு மேல் போனால் வெடிக்காது என்று பாடத்தில் படித்திருப்பாய். அதை நம்பி அங்கே நிற்காதே. நின்றுபோன பேன் திரும்ப ஓடும்போது, நல்ல காற்று கலந்து அதே வாயு வெடிக்கிற அளவுக்கு இறங்கி வரும். உன் ரிட்டர்னில், அதாவது உள்ளே சுற்றிவிட்டு வெளியேறும் காற்றில், 0.75 சதவீதம், வேறு எந்த இடத்திலும் 1.25, இதுதான் வரம்பு. அதைத் தாண்டினால் கரண்டை நிறுத்து, ஆளை வெளியேற்று. டன் கணக்குப் பார்க்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஆனால் எனக்கு வாயுவைவிடத் தூசிமேல்தான் பயம். வாயு ஓரிடத்தில் வெடித்து முடிந்துவிடலாம். அந்த அதிர்வில் தூணிலும் கம்பியிலும் படிந்த நிலக்கரித் தூசி எழும்பினால், தீ தனக்கு வேண்டிய தீனியைத் தானே கிளப்பிக்கொண்டு சுரங்கப் பாதைகளில் கேலரி கேலரியாக ஓடும். உன் பெரியப்பா மில்லில் உத்தரத்தின்மேல் படிந்த மாவை வாரா வாரம் துடைக்கச் சொல்வாரே, அதே கதைதான். 1906-இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் போனது இந்தத் தூசியால்தான். நம் நாட்டில் 1965 மே மாதம் தோரி சுரங்கத்தில் 268 பேர்.

அதனால்தான் சுண்ணாம்புக்கல் பொடி தூவுவது. அது எரியாமல், தீயின் சூட்டைத் தான் வாங்கிக்கொள்ளும். படிந்த தூசியில் எரியாத பங்கு 75 சதவீதமாவது இருக்க வேண்டும், எளிதில் ஆவியாகும் பொருள் அதிகமுள்ள கரியானால் 85. கேலரி வெளுப்பாக இருந்தால் நிம்மதியாக நட. கறுத்திருந்தால் பொடி மூட்டை எங்கே என்று கேள். தரையை மட்டும் பார்க்காதே, மேலே கையால் தடவிப் பார்.

ஆபத்தில் மூச்சுவிட உதவும் செல்ஃப் ரெஸ்க்யூவரை இடுப்பிலிருந்து கழற்றாதே. வெடிக்குத் தப்பினவர்களையும் கார்பன் மோனாக்சைடு விடாது. காற்றைத் தடுத்துத் திருப்பும் கதவைத் திறந்தால் மூடிவிட்டு நகர். ஒரு கதவு திறந்து கிடந்தால் காற்று குறுக்கே ஓடி, உள்ளே இருக்கிறவனுக்குப் போய்ச் சேராது. ஆடியில் நம் கணவாய்க் காற்றில் பனையோலை சடசடக்கிறதே, அதில் ஒரு மூச்சு நீ கரி வெட்டும் பேஸுக்கு வந்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கலாம் என்று 2019-இல்தான் அனுமதி கொடுத்தார்கள். என் காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்காதது. அது ஒரு பெருமைதான், சரி. நீள்கோல் இல்லாமல் கருவி கொடுத்தால் கேட்டு வாங்கு. கூரைக்குழிக்குள் எட்டாத கருவியை வைத்துக்கொண்டு 'வாயு இல்லை' என்று மட்டும் எழுதாதே.

அம்மா வருகிற சத்தம் கேட்கிறது. அடுத்த முறை போனில் அவள் "சாப்பிட்டியா" என்று கேட்பாள். அவளிடம் பேசி முடித்துவிட்டு என்னிடம் கொடுக்கச் சொல். ரிட்டர்னில் எத்தனை என்று மட்டும் சொல், போதும்.

அப்பா