கருவை நிலமும் காற்றிலுள்ள கரியும்

மதுரை

அன்புள்ள சேதுராமன்,

உன் கடிதம் கிடைத்தது. மீனாளுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் நிம்மதியானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் நலம். பெரியவன் மாற்றலாகி ஓசூர் போய்விட்டான். பேத்தி இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். கண்மாயை ஒட்டிய தரிசில் சீமைக்கருவையை அழித்து மரக்கன்று நடலாம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது, நஞ்சையில் பாறைத்தூள் இறைக்கலாம் என்று இன்னொன்று சொல்கிறது, இரண்டுமே கார்பன் பணத்தில், அதாவது காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவை டன் கணக்கில் காட்டி விற்கும் பணத்தில், பங்கு தருவதாகப் பேசுகின்றன என்று எழுதியிருந்தாய். வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் எது உண்மை என்று சொல்லச் சொல்கிறாய். காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயு எத்தனை காலம் திரும்பி வராமல் இருக்கும், எத்தனை டன் எடுத்தோம் என்று அளந்து காட்ட முடியுமா, இந்த இரண்டையும்தான் நான் எல்லா முறைகளிடமும் முதலில் கேட்பேன். விலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

இந்தக் கேள்விகளுக்கு மிகத் தெளிவாகப் பதில் சொல்வது ஐஸ்லாந்தில் நடக்கும் வேலை. ஹெட்லிஸ்ஹெய்டி புவிவெப்ப மின்நிலையத்தின் அருகே கிளைம்வொர்க்ஸ் நிறுவனம் 2021-இல் ஓர்கா என்ற ஆலையையும், 2024-இல் மாமத் என்ற பெரிய ஆலையையும் தொடங்கியது. விசிறிகள் காற்றை இழுத்து, கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும் அமீன் என்ற வேதிப்பொருள் பூசிய வடிகட்டிகளின் வழியே தள்ளுகின்றன. வடிகட்டி நிறைந்ததும் பெட்டியை மூடி ஏறத்தாழ 100 டிகிரிக்குச் சூடாக்கினால் வாயு பிரிந்து வருகிறது. அதைத் தண்ணீரில் கரைத்துப் பூமிக்கடியில் உள்ள எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறது கார்ப்ஃபிக்ஸ் என்ற இன்னொரு நிறுவனம். பாறையிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதனுடன் சேர்ந்து கல்லாகிவிடுகின்றன. இதற்கு நூற்றாண்டுகள் ஆகும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். செலுத்தியதில் 95 சதவீதத்துக்கு மேல் இரண்டே ஆண்டுக்குள் கல்லாகிவிட்டது என்று 2016-இல் ஆய்வு முடிவு வந்தபோது நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவ்வளவு மகிழ்ச்சி.

ஆனால் காற்றில் இந்த வாயு ஏறத்தாழ 2,400 மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு டன் பிடிக்கக் குறைந்தது 13 லட்சம் கன மீட்டர் காற்றைச் சலிக்க வேண்டும். அதற்கு மின்சாரம், வெப்பம், பிறகு ஒரு டன்னைக் கரைக்க ஏறத்தாழ 25 டன் தண்ணீர். டன்னுக்கு நூற்றுக்கணக்கான டாலர் செலவாகிறது. மாமத் முழுத் திறனில் ஓடினாலும் ஆண்டுக்கு 36,000 டன்தான். இதுவரை பிடித்தது அந்த இலக்கைவிட மிகக் குறைவு. உலகம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து ஆண்டுதோறும் விடுவதோ 3,700 கோடி டன். இதைத் தெரிந்துகொண்டே, "பின்னால் எடுத்துவிடலாம், இப்போது எரிப்போம்" என்று பேசுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. எரிப்பதைக் குறைக்காமல் எடுப்பதைப் பற்றிப் பேசுவது ஏமாற்று.

தூத்துக்குடியிலும் இதைச் செய்கிறார்களே என்று கேட்டிருந்தாய். அது வேறு. நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து வாயுவைப் பிடித்துச் சோடா சாம்பல் செய்யும் வேலை அங்கே 2016-இல் தொடங்கியது. நல்ல பொறியியல்தான். ஆனால் அந்தச் சோடா சாம்பல் கண்ணாடி ஆலைக்குப் போய் உருகும்போது வாயு மறுபடி வெளியே வந்துவிடும். காற்றில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதில் ஒரு துளியும் இதனால் குறையாது.

கடலையும் விட்டுவைக்கவில்லை. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் 2009-இல் அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்கடலில் இரும்பு சல்பேட்டைத் தூவிப் பார்த்தன. இரும்பால் பாசி வளர்ந்து கரியமில வாயுவை இழுக்கும், அது மடிந்து ஆழத்துக்குப் போய்விடும் என்பது எண்ணம். பாசி வளர்ந்தது. வளர்ந்ததைச் சிறு கடலுயிரிகள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்த கார்பன் மிகச் சொற்பம்.

இனி உன் நிலம். மரம் நடுவதற்கு நான் எதிரி இல்லை. இன்று மனிதர் முயன்று காற்றிலிருந்து எடுக்கும் கரியமில வாயுவில் ஏறத்தாழ முழுவதையும் எடுப்பது காடுகள்தான். நிழலுக்கும் பறவைக்கும் ஆட்டுக்குத் தழைக்குமாக நடு. ஆனால் நூறாண்டு நிற்கும் என்று கணக்குக் காட்டி அதை விற்காதே. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2021-இல் பரவிய பூட்லெக் தீயில், கார்பன் பணத்துக்காகப் பதிவு செய்து விற்ற காடும் சேர்ந்து எரிந்தது. நம் ஊர் வறட்சியில் கன்று பிழைப்பதே பெரும்பாடு.

பாறைத்தூள் விஷயத்தில் அறிவியல் சரியானது. மழைநீரில் கரைந்த கரியமில வாயு பசால்ட் என்ற எரிமலைப் பாறையின் தூளைக் கரைத்து, நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டாக மாறி, ஆற்றோடு கடலுக்குப் போய் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கும். சத்தீஸ்கர் முதலான இடங்களில் சிறு நெல் விவசாயிகளின் வயலில் இதைச் செய்யும் மாட்டி கார்பன் என்ற நிறுவனம் 2025-இல், கரியமில வாயுவை எடுக்கும் முறைகளுக்காக நடந்த எக்ஸ்பிரைஸ் போட்டியில் 5 கோடி டாலர் முதல் பரிசு வென்றது. சிறு விவசாயிக்குக் கிடைத்த மரியாதையாகவே அதை எண்ணுகிறேன். ஆனால் தூள் வேகமாகக் கரைவது அமிலத்தன்மை உள்ள, நன்றாக மழை பெறும் மண்ணில். உன் நஞ்சை கார மண். அங்கே எவ்வளவு கரைந்தது என்று அளப்பதும் கடினம். மண் பரிசோதனை செய்யாமல் பேச வந்தவரை நம்பாதே.

என் யோசனை உன் கருவையிலேயே இருக்கிறது. விறகை மண்ணால் மூடி மூட்டம் போட்டு விற்கும் கரி எங்கோ அடுப்பில் எரிந்து, மரம் இழுத்த வாயு அத்தனையும் திரும்பிவிடுகிறது. அதே கரியை எருவோடு சேர்த்து மண்ணில் போட்டால் அது எளிதில் மக்காது. அமேசான் காட்டின் கறுப்பு மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கரி இன்னும் இருக்கிறது. எத்தனை டன் என்று தராசில் நிறுத்தும் காட்டலாம். 12 கிராம் கார்பன் 44 கிராம் வாயுவுக்குச் சமம். நல்ல கரியில் முக்கால் பங்கு கார்பன் என்றால், ஒரு டன் கரி ஏறத்தாழ 2.75 டன் வாயு. அதிலிருந்து ஜேசிபி டீசலையும் வண்டிச் செலவையும் கழிக்க வேண்டும்.

ஆனால் பழைய மூட்டம் வேண்டாம். அது நாள்கணக்கில் புகைந்து, பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான மீத்தேனைக் கக்குகிறது. கூம்பு வடிவில் குழி வெட்டி, நன்றாகக் காய்ந்த சுள்ளியைக் கொளுத்து. மேலே சாம்பல் பூக்கத் தொடங்கும்போது அடுத்த அடுக்கைப் போடு. மேலே எரியும் தழல் கீழிருந்து வரும் புகையைத் தின்றுவிடும், காற்று புகாததால் அடியில் கரி தங்கும். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடு. கரியை அப்படியே வயலில் கொட்டாதே. அதிலும் காரம் உண்டு. சாணக் குப்பையோடு சில வாரம் ஊறவிட்டு, முதலில் ஒரு பாத்தியில் மட்டும் போட்டுப் பார். இதற்காகக் கருவையை வளர்க்க மட்டும் நினைக்காதே. இருப்பதைத் தூரோடு எடுத்துக் கரியாக்கு, அந்த இடத்தில் நாட்டு மரம் வை.

கையெழுத்து எதிலும் போட்டுவிடாதே. ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு, மரம் பட்டுப்போனால் நட்டம் யாருடையது, அளப்பவர் யார் என்ற மூன்று இடங்களையும் படித்துவிட்டு எனக்கு நகல் அனுப்பு. மண்ணையும் வேளாண் துறை பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடு. ஆடி கழிந்ததும் வருகிறேன், குழி வெட்டும்போது உடனிருக்க ஆசை.

மீனாளுக்கு என் அன்பு.

உன்,
சண்முகம்