ஐம்பது கீவேர்டுகளில் முதலிடம் என்னும் உத்தரவாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரக் கடைத்தெருக்களில் சில மாதங்களாக ஒரு துண்டறிக்கை சுற்றி வருகிறது. 'கூகுள் மேப்பில் உங்கள் கடையை ஐம்பது கீவேர்டுகளில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம், உத்தரவாதம் உண்டு' என்பது அதன் சாரம். கீவேர்டு என்பது கூகுளில் தேடுபவர் தட்டும் சொல். இதே வாசகம் நாளிதழ்களின் வரி விளம்பரங்களிலும் தலைகாட்டத் தொடங்கியிருப்பதால், இவ்வட்டாரக் கடைக்காரர்கள் சிலரின் கூகுள் பதிவுகளை (மேப்பில் கடையின் பெயர், முகவரி, நேரம் முதலியவற்றைக் காட்டும் பக்கங்களை) பராமரித்துத் தருபவன் என்ற முறையில் இதைப் பற்றி எழுதுவது தகும் என்று கருதுகிறேன்.

அந்த உத்தரவாதம் எப்படி மெய்ப்பிக்கப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பணம் வாங்கிச் சென்ற முகவர் சில நாட்கள் கழித்துக் கடைக்கு வருகிறார். கல்லாவுக்கு எதிரே நின்றபடி தம் கைப்பேசியில் 'செட்டிநாடு பலகாரம்', 'முறுக்கு கடை', 'அதிரசம்' என்று ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். ஒவ்வொன்றுக்கும் அந்தக் கடையே முதலில் வருகிறது. முதலாளியும் மகிழ்ந்து மீதிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். தேடுபவர் நிற்கும் இடத்துக்கும் கடைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கூகுள் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதும், கடைக்குள் நின்றே தேடினால் அந்தத் தூரம் இல்லாமலே போய்விடுகிறது என்பதும் அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அதே சொற்களைப் பேருந்து நிலையத்தில் நின்றும், புதுவயலில் இருந்தும், பிள்ளையார்பட்டிக்கு வந்திருக்கும் உறவினர் ஒருவரின் கைப்பேசியிலும் தேடிப் பார்த்தால் மூன்று இடங்களில் மூன்று வரிசைகள் வரும். சிலவற்றில் நம் கடையே இராது.

உள்ளூர்த் தேடலில் ஒரு கடை எங்கே நிற்கும் என்பதை மூன்று காரணங்கள் தீர்மானிப்பதாகக் கூகுளே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது: தேடிய சொல்லுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடையின் பிரபலம். பணம் கொடுத்தோ வேண்டிக்கொண்டோ இந்த வரிசையில் மேலே வர வழியில்லை என்றும் அதன் உதவிப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பணம் கட்டி மேலே வருபவை விளம்பரங்கள். அவற்றில் அப்படியே குறிப்பும் இருக்கும். 2015 ஆகஸ்டு முதல், தேடல் பக்கத்தில் மேப்புக்குக் கீழே காட்டப்படும் கடைகள் ஏழிலிருந்து மூன்றாகக் குறைந்துவிட்டன. அந்த மூன்றுக்குள் நுழையும் ஆசைதான் இப்போது துண்டறிக்கைக்காரர்களின் மூலதனமாகியிருக்கிறது.

ஒரு கடைக்கு 'ரேங்க்', அதாவது தேடல் வரிசையில் நிலையான இடம், என்று தனியாக ஒன்று கிடையாது என்பதே கடைக்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி. ஒவ்வொரு தேடல் சொல்லுக்கும் தனித்தனி வரிசை இருக்கிறது. 'ஸ்வீட்ஸ்' என்ற சொல்லுக்குப் போட்டியிடும் கடைகள் வேறு, 'மணகோலம்' என்ற செட்டிநாட்டுப் பலகாரத்தின் பெயருக்குப் போட்டியிடும் கடைகள் வேறு. பல சொற்களில் வர விரும்புவதில் தவறில்லை, நேர்வழியில் அது முடியவும் முடியும். ஆனால் அதற்கான வேலை கடையின் வகையைத் தேர்ந்தெடுப்பதில்தான் தொடங்குகிறது. கூகுள் தரும் பட்டியலில் இருந்து ஒரு முதன்மை வகையையும், அதற்கு மேல் ஒன்பது துணை வகைகள் வரையிலும் தேர்ந்தெடுக்கலாம். நாமாக ஒரு வகையை எழுதிச் சேர்க்க இயலாது. வியாபாரத்தில் பெரும்பங்கு எதிலிருந்து வருகிறதோ அதையே முதன்மையாக வைக்க வேண்டும். ஒன்பது இடம் இருக்கிறதே என்று செய்யாத தொழிலை எல்லாம் சேர்ப்பதை நான் எப்போதும் தடுத்தே வருகிறேன்.

வகைகளுக்குள் அடங்காத சொற்களுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே வருபவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே 'பழைய தேக்குக் கதவு', 'எனாமல் தூக்குவாளி', 'பெல்ஜியம் கண்ணாடி' என்று பொருளின் பெயரைச் சொல்லித்தான் தேடுகிறார்கள். பழம்பொருள் கடை என்ற வகை மட்டும் இதற்குப் போதாது. ஒவ்வொரு பொருளையும் படத்துடன் கூகுள் பதிவின் பொருட்கள் பகுதியில் சேர்ப்பதும், கடைக்கு இணையதளம் இருந்தால் அவற்றுக்குத் தனித்தனிப் பக்கம் வைப்பதும், வாங்கிச் சென்றவர் வாங்கிய பொருளைத் தம் சொல்லிலேயே விமர்சனத்தில் எழுதும்படி கேட்டுக்கொள்வதும் பயன் தரும். தேடல் முடிவில் சில கடைகளின் பெயருக்குக் கீழே, அந்தக் கடையின் இணையதளத்திலோ விமர்சனத்திலோ நாம் தேடிய பொருள் குறிப்பிடப்பட்டிருப்பதாக ஒரு சிறு வரி வருவதை வாசகர்கள் கண்டிருக்கலாம். அந்த வரி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பார்த்தாலே எங்கே உழைக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

துண்டறிக்கைக்காரர்கள் இவ்வளவு தூரம் போவதில்லை. அவர்கள் கை வைப்பது கடையின் பெயரில். பெயர்ப்பலகையில் இரண்டே சொல்லில் இருக்கும் பலகாரக் கடை, மேப்பில் 'பெஸ்ட் செட்டிநாடு ஸ்நாக்ஸ் ஸ்வீட்ஸ் முறுக்கு அதிரசம் சீர்ப்பலகாரம் காரைக்குடி' என்று கூட்ஸ் வண்டி போல நீண்டு கிடக்கிறது. இதனால் பலனே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். பெயரில் இருக்கும் சொல்லுக்குத் தேடலில் இன்றைக்கும் வலு இருக்கிறது, அதனாலேயே இந்தப் பழக்கம் ஒழியாமல் இருக்கிறது. ஆனால் பதிவில் உள்ள பெயர், கடை உண்மையில் வழங்கும் பெயராகவே இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. எதிர்க்கடைக்காரரோ வழிப்போக்கரோ பெயரைத் திருத்தச் சொல்லிப் பரிந்துரைக்கலாம், புகாரும் செய்யலாம். பதிவு முடக்கப்பட்டால், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் தேடுபவருக்குக் கடையும் தெரியாது, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த விமர்சனங்களும் தெரியாது.

ஒரே கடைக்குக் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என மூன்று ஊர்களில் பதிவு போட்டுத் தருவதும் இதே ரகம். ஆள் இருந்து வியாபாரம் நடக்காத இடத்தில் பதிவு வைக்க விதி இடம் தருவதில்லை. கல்யாண வீடுகளுக்குப் போய்ச் சமைத்துக் கொடுக்கும் நம் ஊர்ச் சமையல்காரர்களைப் போன்றவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு: முகவரியை மறைத்துவிட்டு, தாம் சென்று வேலை செய்யும் பகுதிகளாக இருபது வரை குறிக்கலாம். மதுரையையும் திருச்சியையும் குறித்துவிட்டால் அங்கே தேடுபவர்களுக்கு நாம் முதலில் வருவோம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அந்தக் குறிப்பு வாடிக்கையாளரின் தகவலுக்காக. தூரம் அளக்கப்படுவது என்னவோ, தொழில் நம்முடையதுதானா என்று கூகுள் செய்யும் சரிபார்ப்புக்குக் கொடுத்த முகவரியில் இருந்துதான்.

வெளியூர் வாடிக்கையாளரை நம்பியிருக்கும் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளின் நிலை இதிலும் சற்று வேறு. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் அந்தக் கைவேலையைத் தேடுபவர் பெரும்பாலும் சென்னையிலோ கொச்சியிலோ வீடு கட்டிக்கொண்டிருப்பவர். அவருக்கு அருகிலேயே அதை வாங்கி விற்கும் கடை இருந்தால் அந்தக் கடை முன்னால் வரக்கூடும். இத்தகைய பட்டறைகள் மேப்பில் செலவிடும் பணத்தில் பாதியைச் செய்முறைப் படங்களும் அளவுகளும் விலைகளும் உள்ள ஓர் ஒழுங்கான இணையதளத்துக்குச் செலவிட்டால் நல்லது என்பது என் கருத்து.

கடை நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. 2023ஆம் ஆண்டின் இறுதியில், தேடும் நேரத்தில் கடை திறந்திருக்கிறதா என்பதும் வரிசையைப் பாதிக்கிறது என்பதைக் கூகுள் தரப்பிலேயே உறுதிசெய்தார்கள். உடனே, மதியம் அடைத்து மாலையில் திறக்கும் கடைகளுக்கு எல்லாம் '24 மணி நேரமும்' என்று போட்டுக்கொடுக்கும் புதிய சேவை முளைத்துவிட்டது. உச்சி வெயிலில் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர் ஒற்றை நட்சத்திரம் போடாமல் போவாரா?

நட்சத்திரம் என்றதும் விலைக்கு வாங்கும் விமர்சனங்களையும் குறிப்பிட வேண்டியிருக்கிறது. தள்ளுபடி தருகிறேன், ஐந்து நட்சத்திரம் போடு என்பதைக் கூகுள் தடை செய்திருக்கிறது. இணைய விமர்சனங்களுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தர நெறியையே வெளியிட்டிருக்கிறது. காரைக்குடியில் காலடி வைத்திராத ஊர்க்காரர்கள் ஒரே இரவில் முப்பது பேர் வந்து 'சூப்பர் டேஸ்ட்' என்று எழுதுவதை நம்புவதற்கு, நம் வாடிக்கையாளர்கள் அவ்வளவு ஏமாளிகள் அல்லர்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது பதிவின் உரிமை. பல கடைகளின் பதிவுகள் முகவருடைய ஜிமெயில் கணக்கில்தான் தொடங்கப்படுகின்றன. மாதக் கட்டணத்தை நிறுத்தியதும் தொலைபேசி எண்ணை மாற்றிவிடுவதாகவோ, நிரந்தரமாக மூடப்பட்டது என்று போட்டுவிடுவதாகவோ மிரட்டப்பட்ட கடைக்காரர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். முதன்மை உரிமையாளராகக் கடைக்காரரின் சொந்தக் கணக்கே இருக்க வேண்டும். வேலை செய்பவரை மேலாளர் என்ற நிலையில் சேர்த்துக்கொண்டால் போதும். ஏற்கெனவே பதிவு கைமாறிப் போயிருந்தால், அதே பதிவின் வழியாகக் கூகுளிடம் உரிமை கோரலாம். தற்போது வைத்திருப்பவருக்குப் பதில் அளிக்க மூன்று நாட்கள் தரப்படும். அவர் பேசாமல் இருந்துவிட்டால் நாமே சரிபார்ப்பு செய்து எடுத்துக்கொள்ள வழி கிடைக்கலாம். எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு நம் கடை காட்டப்பட்டது என்ற மாதாந்திர விவரமும் அந்தக் கணக்கிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்துகொண்டாலே, கல்லாவுக்கு எதிரே நின்று நடத்தப்படும் செயல்விளக்கம் தேவையற்றதாகிவிடும்.

தங்கள் நாளிதழின் விளம்பரப் பிரிவினர் இத்தகைய வரி விளம்பரங்களைப் பெறும்போது, 'முதலிடம்', 'உத்தரவாதம்' ஆகிய சொற்களை நீக்கும்படி கேட்க வேண்டுகிறேன். வட்டார வணிகர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களின் பதிவு யார் கணக்கில் இருக்கிறது என்பதை அடுத்த கூட்டத்திலேயே ஒருமுறை சரிபார்க்கச் செய்தால் பேருதவியாக இருக்கும். மஞ்சள் பையில் துண்டறிக்கையோடு என்னிடம் வரும் முதலாளிகளிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான். பெரும்பாலானோருக்கு விடை தெரிவதில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி.